ஊர்கோல வேகத்தில் மின்சாரம்

யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள் இன்றைக்கும் ஓடுவதற்கு எங்களுடைய பழமைப் பற்றுத்தான் காரணம் என்று இப்போது எல்லோரும் எழுதுகிறார்கள். வேறு கார் வர வழியில்லாமல் போனதுதான் உண்மையான காரணம். போர்க்காலத்தில் பாதை பூட்டியிருந்தது, பெற்றோல் இல்லை, உதிரிப்பாகம் இல்லை. ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் வீட்டுக்கு வீடு கொட்டிலுக்குள் கிடந்து, மனிதர்கள் பென்சன் எடுத்து ஓய்கிற வயதிலும் வேலை செய்தன. அந்தக் கட்டாயத்தைப் பாரம்பரியம் என்று சொல்லி மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு விடுகிற காலம் இது. விடுகிறவர்களில் நானும் ஒருவன்.

எங்களுடையது 1953ஆம் ஆண்டு ஒஸ்ரின் ஏ40 சோமர்செற். இங்கிலாந்தில் அந்த மொடலை 1952 தொடக்கம் 1954 வரைதான் செய்தார்கள். 1200 சீசி எஞ்சின், ஸ்ரியறிங் தண்டோடு கியர், முன் இருக்கை நீட்டுக்கு ஒரே வாங்கு. இலக்கத் தகட்டில் ஸ்ரீ கிடையாது. அந்த ஸ்ரீ எழுத்துச் சண்டை தொடங்க முன்னமே பதிந்த கார். ஐயா அதை இரண்டாம் கையாக வாங்கி ஹயருக்கு ஓடினார். ஆஸ்பத்திரிக்குப் போகிற பிள்ளைத்தாய்ச்சி, ரெயிலுக்கு நேரம் போய்விட்டது என்று கத்துகிற கொழும்பு உத்தியோகத்தர், செத்தவீட்டுக்காரர் என்று எல்லோரும் அந்த வாங்கில் இருந்திருக்கிறார்கள். யாருக்கும் அது அழகான காராகத் தெரிந்ததில்லை. கிடைத்த கார், அவ்வளவுதான்.

அதற்கு மின்சாரம் கொடுத்தது ஒரு லூக்காஸ் டைனமோ. எஞ்சினின் பக்கத்தில் ஃபான் பெல்ற்றோடு சுழலும் கறுத்த உருளை. முழு வீச்சில் 20 ஆம்பியருக்குக் கிட்டத் தரும். இரண்டு ஹெட்லைற்றும் 7, 8 ஆம்பியர் தின்னும், இக்னிஷன் 3, 4 தின்னும், மிச்சம் பற்றரிக்கு. கணக்கில் ஒரு பிழையும் இல்லை, கார் ஓடிக்கொண்டிருந்தால். டைனமோவில் மின்சாரம் பிறப்பது சுழல்கிற ஆமேச்சரில். பிறந்தது முழுவதும் செப்புப் பட்டைகளில் உரசுகிற இரண்டு கரி பிரஷ் வழியாகத்தான் வெளியே வரவேண்டும். மிதமிஞ்சிய வேகத்தில் சுழற்றினால் ஆமேச்சரின் கம்பிச் சுற்றுப் பிய்ந்து வெளியே வந்துவிடும். அதனால் கப்பியை அளவுபார்த்துப் போட்டு அடக்கியே சுழல விட்டிருந்தார்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 1000 சுற்றைத் தாண்டினால்தான் அதிலிருந்து உருப்படியாக ஏதாவது வரும். கார் நின்றாலோ ஊர்ந்தாலோ பற்றரி கைக்காசிலிருந்து செலவு செய்யவேண்டியதுதான்.

டாஷ்போட்டில் இருந்த சிறிய சிவப்பு லைற் அதைக் காட்டிக் கொடுக்கும். ஐயா எனக்குக் கார் பழக்கும்போது பிரேக்கைப் பற்றிச் சொன்னதைவிட அந்த லைற்றைப் பற்றிச் சொன்னதுதான் அதிகம். "ஓடேக்கை அது நூந்திருக்க வேணும். நிக்கேக்கை எரிஞ்சால் பறவாயில்லை" என்பார். பொனற்றுக்குள் பின்தகட்டில் கறுத்த மூடியோடு ஒரு கொன்ட்ரோல் பொக்ஸ். அதற்குள் இரண்டு காந்தச் சுருள்கள். ஒன்று ரெகுலேற்றர், வோல்ற் கூடினால் விநாடிக்குப் பல தடவை துடித்து அடக்கும். மற்றது கட்அவுட். கிணற்று மோட்டரின் ஃபுட் வால்வ் ஏறின தண்ணீரைத் திரும்ப இறங்க விடாமல் பிடிப்பதுபோல, பற்றரியிலிருந்து மின்சாரம் டைனமோவுக்குள் வடிந்துவிடாமல் இது பிடிக்கும். ஐயா அந்த மூடியைத் திறந்து, பொயின்ற்றைச் சிகரெட் பெட்டி மட்டையால் துடைத்து, டைனமோவின் பின்பக்கத்து ஓட்டைக்குள் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு மூடுவார். அதற்கு மேல் யாரையும் கை வைக்க விடமாட்டார்.

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. தடைப் பட்டியலில் பெற்றோலும் இருந்தது, பற்றரியும் இருந்தது. அதாவது எங்கள் கார் குடிப்பதும் கடிப்பதும் இரண்டுமே சட்டவிரோதம். ஆனால் அந்தப் பழைய எஞ்சின்களுக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. அமுக்க விகிதம் ஏழுக்கு ஒன்று அளவில்தான். இன்றைய எஞ்சின் எதுவும் மண்ணெண்ணெய்க்கு முகம் கொடுக்காது. இது கொடுத்தது. மருந்துப் போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலைச் சிரிஞ்சால் கார்ப்பரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். பின்னால் வெள்ளைப் புகை. ஊர் முழுவதும் ஒரே குசினி வாசம்.

இந்தக் காலத்தில்தான் எங்கள் கார் ஓடுவதை விட்டுவிட்டு உழைக்கத் தொடங்கியது. மண்ணெண்ணெய் செலவழித்து ஹயர் ஓடி லாபமில்லை. முற்றத்தில் நிறுத்தி, வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் கட்டிவிட்டு, அயலவர்களின் பற்றரிகளைப் பக்கத்தில் வரிசையாக வைத்து ஐயா சார்ஜ் போட்டார். ஒழுங்கையில் யாரிடமாவது செத்த லொறிப் பற்றரியோ மோட்டார் சைக்கிள் பற்றரியோ இருந்தால் அது எங்கள் முற்றத்துக்கு வரும். மழைத்தண்ணீரைப் பிடித்து வடித்து செல்லுக்குள் ஊற்றுவோம். ஒரு பற்றரியில் ரியூசன் மாஸ்ரரின் வகுப்புக்கு ஒரு பல்ப் எரியும். இன்னொன்றில் 12 வோல்றில் ஓடும் கறுப்பு வெள்ளை ரீவியில் பின்வளவு முழுக்க இருந்து படம் பார்க்கும். மிச்ச வீடுகளில் ஜாம் போத்தல் விளக்குத்தான். போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, சொட்டு மண்ணெண்ணெய், நூல் தடிப்பில் திரி.

றேடியோவுக்கு வேறு ஏற்பாடு. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பின் ரயரில் டைனமோவைச் சாய்த்து, ஒருவன் பெடலைக் கையால் சுற்ற, மற்றவர்கள் காதைக் கொடுப்பார்கள். இரவு ஒன்பதே கால் பிபிசி தமிழோசைக்கு ஒழுங்கையில் ஆள் முறை போட்டுச் சுற்றினோம். சைக்கிள் டைனமோவிலிருந்து வருவது நேர் மின்சாரம் இல்லை, மாறிமாறி வருவது. றேடியோவுக்குக் கொடுக்க முன்னம் நாலு டயோட்டைச் சேர்த்துப் பற்றவைத்து நேராக்கவேண்டும். டயோட் ஒன்று சுட்டுப்போனால் செய்தி நின்றுவிடும். நின்ற இடம் எப்போதும் எங்கள் ஊரின் பேர் வருகிற இடமாகவே இருக்கும். சுற்றினவனுக்குத்தான் திட்டு விழும்.

காரின் டைனமோவை உயிரோடு வைத்திருந்தது ஐயாவின் கைதான். கரி பிரஷ் தேய்ந்து கட்டையானபோது வாங்குவதற்குக் கடையில்லை. செத்த ரோச் பற்றரியை உடைத்தார். நடுவில் இருக்கிற கரிக் கம்பை எடுத்தார். அரத்தால் நாலு பக்கமும் சதுரமாகத் தேய்த்து, முனையைக் கொமியுற்றேற்றரின் வளைவுக்கு ஒத்துவரும்படி குழித்து, பழைய பிரஷின் செப்பு வாலை அதிலே துளைபோட்டு இறுக்கினார். பிறகு ஆமேச்சரைத் தொடையில் வைத்துக்கொண்டு, உடைந்த ஹக்ஸோ பிளேட் துண்டால் செப்புப் பட்டைகளுக்கு நடுவிலிருந்த மைக்காவை ஒவ்வொரு கீறாகக் கீறி இறக்கினார். பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கழுத்து வலித்தது. அவர் நிமிரவில்லை. அந்தப் பிரஷ் பொறி பறந்தது, கத்தியது, ஆனால் சார்ஜ் போட்டது. இங்கிலாந்தில் டைனமோவை வரைந்த எஞ்சினியர் இதைக் கண்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார். ஐயாவுக்கு மயங்க நேரமில்லை. மறுநாள் பற்றரிகள் வரிசையில் நின்றன.

காரின் ஒரே பலவீனம் வெளியே வந்தது 1995 ஒக்ரோபர் 30 இரவு. ஆமி நெருங்கி வர, வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. கோண்டாவிலிலிருந்து நாங்களும் புறப்பட்டோம். காருக்குள் ஆச்சி, அரிசிச் சாக்கு, தையல் மெஷின், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைகள். செம்மணி வெளியில் மழை. முன்னும் பின்னும் சைக்கிள், மாட்டு வண்டில், லாண்ட்மாஸ்ரர், தலையில் மூட்டையோடு சனம். சாதாரண நாளில் சாவகச்சேரிக்கு அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட எடுக்கும். அன்றைக்குக் கார் நகர்ந்த வேகத்தில் நடக்கப் பழகுகிற பிள்ளையே முந்திப் போயிருக்கும். சிவப்பு லைற் நூரவேயில்லை. டைனமோவுக்கு வேகம் வேண்டும். அந்த றோட்டில் இல்லாமல் இருந்தது அது ஒன்றுதான். ஐயா ஹெட்லைற்றை நிப்பாட்டினார். பிறகு வைப்பரை. பிறகு எஞ்சினையே நிப்பாட்டினார். "இறங்கித் தள்ளுங்கோ" என்றார். நாவற்குழிப் பாலத்தை எங்கள் கார் தள்ளுவண்டியாகக் கடந்தது. பற்றரியில் மிஞ்சியிருந்தது, சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் ஆச்சிக்கு மருந்து எடுத்துக் கொடுக்க ஒரு பல்ப் எரிக்கப் போதுமானதாக இருந்தது.

இனி இந்தக் காலம்.

2009க்குப் பிறகு பாதை திறந்தது, வான்கள் வந்தன, ஓட்டோக்கள் வந்தன, லீசிங் கம்பனிகள் வந்தன. ஏ40 ஹயருக்கு ஆள் இல்லாமல் போனது. ஐயாவும் போய்விட்டார். இரும்புக்கு விற்கலாமா என்று வீட்டில் பேச்சு எழும்பிய நேரத்தில், கனடாவிலிருந்து கலியாணம் செய்ய வந்த ஒரு மாப்பிள்ளை, 'விண்டேஜ் கார்' வேண்டுமென்று தரகரைப் பிடித்து எங்கள் படலைக்கு வந்தார். அதோடு காருக்கு மறுவாழ்வு. கறுப்பும் வெள்ளையுமாகப் பெயின்ற், முன்னால் பறக்கிற 'ஏ' எழுத்துச் சின்னத்துக்கு நிக்கல் பூச்சு, வாங்குக்குச் சிவப்பு லெதர். அரிசிச் சாக்கு இருந்த இடத்தில் றோசாப்பூ.

கலியாணக் காரின் வேலை என்னவென்று கொஞ்சம் விளக்கவேண்டும். மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு கோயில் வீதியிலிருந்து மண்டபம் வரைக்கும் மேளத்துக்குப் பின்னால் ஊர்வது. தவில்காரர் நின்றால் கார் நிற்கும். வீடியோக்காரர் "திரும்ப ஒருக்கா" என்றால் பின்னால் போய் மறுபடி ஊரும். மேலே ட்ரோன் பறக்கும், அது தூரப் போனால் திரும்பி வருமட்டும் கார் காத்து நிற்கும். நேரம் பின்னேரமாக இருக்கும், ஹெட்லைற் எரியவேண்டும், படத்துக்கு வடிவு. உள்ளே மாப்பிள்ளையின் மேக்கப் கரையாமல் இருக்க 12 வோல்ற் ஃபான். டிக்கிக்குள் அம்ப்ளிஃபயர். தோழன்மாரின் ஃபோன்கள் எல்லாம் ஒரே சார்ஜரில். கூட்டிப் பார்த்தால் 18 ஆம்பியர் வரும். டைனமோ தருவது? ஊர்கோல வேகத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு நாள் மண்டப வாசலுக்கு எட்டிய தூரத்தில், நாதஸ்வரம் உச்சத்தில் நிற்கையில், பாட்டு இழுத்து, ஃபான் நின்று, எஞ்சினும் அணைந்தது. பட்டுவேட்டியோடு தோழன்மார் இறங்கித் தள்ளினார்கள். ட்ரோன் அதை மேலேயிருந்து முழுதாக எடுத்தது. அந்த வீடியோதான் எனக்கு அடுத்த சீசனுக்கு அதிகம் ஓடர் பிடித்துத் தந்தது என்பது வேறு கதை. தள்ளுவதும் பாரம்பரியத்தில் சேர்ந்தது என்று சனம் நினைத்துக்கொண்டது.

"அண்ணை, உந்த டைனமோவைக் கழட்டுவம்" என்றார் மெக்கானிக் தம்பி. "ஓல்டனேற்றர் போட்டால் மேளத்துக்குப் பின்னாலை போனாலும் சார்ஜ் வரும்."

ரொறன்ரோவில் இருக்கிற மச்சானுக்கு இது காதில் விழுந்ததும் ஃபோன் வந்தது. அவர் பழைய கார்களைப் பற்றி எல்லாம் படித்து வைத்திருப்பவர், ஓட்டுவது ஜப்பான் கார். "ஒறிஜினல் கெட்டுப் போயிடுமடாப்பா. இங்கிலாந்திலை டைனமோக் கோதுக்குள்ளை ஓல்டனேற்றரை வைச்சு விக்கிறாங்கள். வெளியிலை பாத்தால் ஆருக்கும் தெரியாது. அதை எடுப்பிக்கிறன்." விலையைச் சொன்னார். மெக்கானிக் தம்பி அதை இலங்கைக் காசுக்கு மாற்றிக் கணக்குப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "அண்ணை, வேசம் போடுறதுக்கே இவ்வளவு காசு? கொழும்பு பஞ்சிகாவத்தையிலை ஜப்பான் வான் ஒண்டின்ரை றீகண்டிஷன் எடுத்துத் தாறன். அம்பது ஆம்பியர். மிச்சக் காசிலை இன்னொரு கார் வாங்கலாம்." செத்த பற்றரிக் கரியால் ஓடின காருக்கு ஒறிஜினல் பேசுகிறவரை எதிர்த்துக் கதைக்க எனக்கு மனம் வரவில்லை. பஞ்சிகாவத்தைக்குச் சொல்லிவிட்டேன்.

ஓல்டனேற்றர் டைனமோவைக் கவிழ்த்துப் போட்ட சாமான். காந்தம் நடுவில் சுழலும், கம்பிச் சுற்று வெளியே அசையாமல் இருக்கும். பெரிய மின்சாரம் அசையாத கம்பியிலேயே பிறப்பதால் அது பிரஷ் வழியாக வரத் தேவையில்லை. பிரஷ் வழியாக உள்ளே போவது காந்தத்தை எழுப்புகிற இரண்டு மூன்று ஆம்பியர் மட்டும். அதனால் சின்னக் கப்பி போட்டு இன்னும் கூடிய வேகத்தில் சுழற்றலாம், எஞ்சின் சும்மா உறுமும்போதே சார்ஜ் வரும். பிறக்கிற மின்சாரம் மாறிமாறி வருவதுதான், முதுகுக்குள் இருக்கிற ஆறு டயோட் அதை நேராக்கும், அதற்குள்ளேயே இருக்கிற ரெகுலேற்றர் 14 வோல்றுக்குக் கொஞ்சம் மேலே பிடித்து வைக்கும். "நீங்கள் சைக்கிளைக் கவிட்டு வைச்சுச் சுத்தினது இதைத்தான் அண்ணை, நாலு டயோட்டுக்கு ஆறு, அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார் தம்பி. அவர் அந்தக் காலத்தில் பிறந்திருக்கவேயில்லை. தகப்பன் சொல்லியிருப்பார்.

வேலையில் பெரிய சிக்கல் காரின் பிறவிக் குணம். அந்தக் காலத்து ஆங்கிலேயக் கார்களில் பற்றரியின் பிளஸ்தான் பொடியில் இருக்கும். ஜப்பான் ஓல்டனேற்றருக்கு மைனஸ் பொடியில் இருக்கவேண்டும். மாறிக் கொடுத்தால் டயோட் எல்லாம் கண் மூடித் திறக்க முன்னம் போய்விடும். தம்பி பற்றரியைத் திருப்பி வைத்தார். பிளஸ் முனை மைனஸைவிடக் கொஞ்சம் தடிப்பு, அதனால் பழைய கிளிப்புகள் இரண்டும் அடம் பிடித்தன. வெட்டிப் புதிதாகப் போட்டார். இக்னிஷன் கொயிலின் இரண்டு வயரையும் இடம் மாற்றினார். மாற்றாவிட்டாலும் கார் ஓடும், பிளக்கில் பொறி கொஞ்சம் சோம்பல் படும். ஸ்ராட்டர் மோட்டர் எந்தப் பக்கம் கொடுத்தாலும் ஒரே பக்கம்தான் சுற்றும், அதைத் தொடவில்லை. ஓல்டனேற்றரிலிருந்து பற்றரிக்குப் போகிற வயரை விரல் தடிப்பில் புதிதாக இழுத்து நடுவில் ஃபியூஸ் வைத்தார். பழைய பெல்ற் அகலம், ஓல்டனேற்றரின் கப்பி ஒடுக்கம். பழைய பெல்ற்றின் அகலத்துக்கு ஒரு சின்னக் கப்பியை லேத்தில் கடைவித்து மாட்டினார்.

சிவப்பு லைற்றைக் கழற்றிவிடலாமா என்று கேட்டேன். "கழட்டினால் சார்ஜே வராது" என்றார். டைனமோவுக்குள் எப்போதும் கொஞ்சம் காந்தம் மிஞ்சியிருக்கும். பற்றரி முழுதாகச் செத்தாலும் இரண்டாம் கியரில் ஓடித் தள்ளினால் அது தானே எழும்பிவிடும். ஓல்டனேற்றர் அப்படி எழும்பாது. முதலில் பற்றரியிலிருந்து அந்தச் சின்ன லைற் வழியாக அதற்குக் கொஞ்சம் மின்சாரம் கடன் போகவேண்டும், பிறகுதான் உழைக்கத் தொடங்கும். லீசிங் காலத்துச் சாமான்.

கொன்ட்ரோல் பொக்ஸை என்ன செய்வது? மச்சானின் மனம் நோகாமல் இருக்க இருந்த இடத்திலேயே விட்டோம். உள்ளே இரண்டு சுருளும் சும்மா கிடக்கின்றன. வயர்களைச் சேர்த்து முறுக்கிய முடிச்சுக்கு அது இப்போது மூடி. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பொனற்றைத் திறக்கச் சொல்லி முதலில் படம் எடுப்பது அதைத்தான். ஒறிஜினல் என்று சந்தோசப்படுகிறார்கள். நான் கெடுப்பதில்லை.

2022இல் ஒரு வேடிக்கை நடந்தது. மார்ச் கடைசியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. பெற்றோலுக்கு மைல் கணக்கில் வரிசை. கொழும்புப் பத்திரிகைகள் உலகம் முடிந்துவிட்டது என்று எழுதின. எங்கள் ஒழுங்கையில் வயதானவர்கள் கொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, "உன்ரை காரைத் திரும்ப முத்தத்துக்குக் கொண்டு வா" என்று சிரித்தார்கள். பழைய டைனமோவைப்போல் இரண்டு மடங்குக்கு மேலே தரக்கூடிய யந்திரம் இப்போது உள்ளே இருந்தது. சும்மா உறுமினாலே சார்ஜ் போடும். ஊற்றுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. பெற்றோலுக்குக் கியூஆர் கோட் வந்தது, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். மண்ணெண்ணெய்யாவது விடுவோம் என்றால் அது ஓகஸ்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. 1990இல் எரிபொருளைத் தடை செய்ய ஒரு யுத்தம் தேவைப்பட்டது. இந்த முறை திறைசேரியே அதைச் செய்து முடித்தது. இரண்டு மாதம் நின்ற காரின் பற்றரி செத்தது. பெடியளைக் கூப்பிட்டுத் தள்ளுவித்தேன். வீதி முழுக்கத் தள்ளினார்கள், ஓல்டனேற்றர் எழும்பவில்லை. கடன் கொடுக்கப் பற்றரியில் ஒன்றுமில்லை. யாருக்கும் நட்டமில்லை. பக்கத்து வீடுகளில் கூரைக்குக் கூரை சோலர், பெடியளின் கையில் பவர் பாங்க். எங்கள் முற்றத்துக்கு எவரும் பற்றரி தூக்கிக்கொண்டு வரவில்லை.

வாகன இறக்குமதியை 2020இல் நிறுத்தி 2025இல் திறந்தார்கள். அந்த இடைக்காலத்தில் ஏ40இன் விலை எங்கேயோ ஏறிவிட்டது. ஐயா ஓடிய ஹயர் முழுவதையும் கூட்டினாலும் அந்த விலையின் கால்வாசி தேறாது. கலியாண சீசனில் கிழமைக்கு ஒரு ஓடராவது இருக்கும். கலியாணத்தில் ஓல்டனேற்றர் ஒரு நாளும் கைவிட்டதில்லை. அதன் குணம், கேட்கிற அளவுக்குத்தான் கொடுக்கும். 50 ஆம்பியர் என்று முதுகில் அடித்திருந்தாலும் எங்கள் மாப்பிள்ளைமார் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்பது 18தான். மெக்கானிக் தம்பியிடம் ஒரு நாள் இதைச் சொல்லிக் கணக்குக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்பிடிப் பாத்தால் பழைய டைனமோவே போதும் அண்ணை. மாப்பிளை மட்டும் மணிக்கு நாப்பது கிலோமீற்றரிலை போகச் சம்மதிக்க வேணும்."

இதுவரைக்கும் ஒரு மாப்பிள்ளையும் சம்மதிக்கவில்லை.